உறையாத பாலு

காலையில மோரு கேட்டாரு வைகுண்டராஜ். அவரு பொண்டாட்டி அன்னத்தாய் சட்டியோட வந்து நின்னா. ராத்திரி உறை ஊத்துன பாலு பாலாவே இருந்துச்சு. உறையவும் இல்ல, திரியவும் இல்ல. நாலு நாளா இப்படித்தான். பக்கத்து வீட்டு உறைமோரு வாங்கி ஊத்தியும் பாத்துட்டாளாம்.

"ஒங்க தோட்டத்துப் புல்லத் திங்கிற மாடு வேற என்னத்தக் கறக்கும், பூச்சிமருந்தத்தான் கறக்கும்"னு சிரிச்சா.

அவருக்குச் சிரிப்பு வரல.

தொழுவத்துக்குப் போனாரு. எப்பவும் மூஞ்சில அப்புற ஈ ஒண்ணையும் காணோம், மாடு மட்டும் பழக்கத்துல வால ஆட்டிக்கிட்டே நின்னுச்சு, குப்பைக்குழியில நாலு நாளைக்கு முந்திப் போட்ட சாணி இப்பத்தான் போட்ட மாதிரி பச்சையா பளபளன்னு கெடந்துச்சு, அந்தப் புளிச்ச வாடை இல்ல, அதுக்குப் பதிலா திராட்சைத் தோட்டத்துப் பக்கமிருந்து மருந்து நெடிதான் வந்து தொண்டையில ஒட்டுச்சு.

அந்த நெடி அவரு கலக்குனது. கொடிக்குச் சாம்பல் நோய் வந்தப்ப, கடைக்காரரு ஒரு மருந்து போதும்னாரு. இவரு மூணு மருந்த ஒரே டிரம்முல கலக்கி, அளவையும் மூணு மடங்காக்கி, வேலைக்காரன் ராக்கையா முதுகுல ஸ்பிரேயரைக் கட்டிவிட்டாரு. தலை சுத்துதுன்னு ரெண்டு தடவை சொன்னான். இன்னும் ஒரு வரிசைதானடான்னாரு. அந்த வரிசையிலயே விழுந்தான்.

கேஸாயிருமேன்னு பயம். நல்லபாம்பு கடிச்சிருச்சு, விஷம், மேலுல யாரும் கை வைக்காதீகன்னு சொல்லி குளிப்பாட்டக்கூட விடல. அந்தி சாயுறதுக்குள்ள பொதச்சாச்சு. மிச்ச மருந்தக் கெணத்துல கவுத்தாரு.

மனசு கேக்காம கம்பம் டவுனுக்குப் போனாரு. முகைதீன் டீக்கடையில இட்லி இல்ல. மாவு பொங்கலையாம், உத்தமபாளையத்துலயும் அப்படித்தானாம். கல்லு மாதிரி இட்லின்னு வைவீகளே, இனி கல்லையே தின்னுங்கன்னாரு முகைதீன். எல்லாரும் சிரிச்சாக. ஜெபமணி வாத்தியாரு மட்டும் சிரிக்கல.

"மக்குறது நின்னுபோச்சுன்னா மண்ணுக்கு ஏதுய்யா சத்து? இந்த வெள்ளாமையோட சரி. அப்புறம் புல்லு மொளைக்காது. மாடு இருக்காது. நாமளும் இருக்க மாட்டோம்." டீய ஆத்திக்கிட்டே சொன்னாரு. "எங்கன ஆரம்பிச்சதுன்னுதான் தெரியல."

வைகுண்டராஜ் டீயக் குடிக்காமலே எந்திரிச்சாரு.

வீட்டு வாசல்ல சுருளியம்மாள் ஒக்காந்திருந்தா. ராக்கையா பொண்டாட்டி. மடியில ஒரு கலயம். பொதச்ச மறுநா குழிமேட்டுல பாலூத்த இவரு வீட்டுப் பாலத்தான் வாங்கிட்டுப் போயிருந்தா. ஊத்துனது போக மிச்சத்தத் தலைமாட்டுல வச்சிட்டு வந்தாளாம். கலயத்த நீட்டுனா.

வெள்ளைவெளேர்னு பாலு. ஒரு எறும்புகூட மெதக்கல.

"பதினோரு நாளாச்சுண்ணே. போட்ட மாலையும் வாடல." கொரல எறக்குனா. "அவரு சாகலையோ? மயக்கத்துல கெடந்தவரப் பொதச்சுட்டமோ?"

இப்பச் சொல்லிரணும்னு வாயத் தொறந்தாரு. அவ முந்திக்கிட்டா.

"நீங்கதான பக்கத்துல இருந்தீக. எங்கன கடிச்சுச்சு?"

"கால்ல."

சொல்லிட்டாரு. மறுபடியும்.

"அப்பத் தோண்டிப் பாப்போம். மம்பட்டி எடுங்க."

ஓடைக்கரை மயானத்துல உச்சி வெயிலு. சில்வண்டுச் சத்தம் இல்ல. மம்பட்டி மண்ணுல எறங்குற சத்தம் மட்டும். தோண்டத் தோண்ட அந்த நெடி. மண்ணுல ஒரு புழு இல்ல. ஒரு வேரு அழுகல. செவ்வந்தி மாலை தெரிஞ்சுச்சு. இப்பத்தான் கட்டுன மாதிரி. அப்புறம் மொகம்.

தூங்குற மொகம்.

அவ குழியில எறங்குனா. மூக்குல கை வச்சுப் பாத்தா. மூச்சு இல்ல. கால் ரெண்டையும் தடவுனா. மெதுவா. வெரலு வெரலா. பல்லுத் தடம் இல்ல.

அவன ஒருக்களிச்சுத் திருப்புனா.

முதுகுல ரெண்டு வாரு அழுந்துன தடம். நடுவுல மருந்து வழிஞ்சு வெந்த தோலு. செவப்பா, ஈரமா. ஸ்பிரேயரை இப்பத்தான் எறக்கி வச்ச மாதிரி.

சுருளியம்மாள் நிமிந்து அவரப் பாத்தா.

அந்த ஈரப் புண்ணு மேல வெயிலு அடிச்சுச்சு. ஒரு ஈ வரல.