காவல் கண் பார்த்த முகம்

அலறினாள்.

மதியம் கிளினிக்கிலிருந்து திரும்பிய பல் டாக்டர், கணவனின் அறைக்கதவைத் திறந்ததும் வீடே அதிரும்படி அலறினாள்.

நாற்காலியில் தலை சாய்ந்து கிடந்தான் கணவன். கழுத்தில் சார்ஜர் வயர்... இறுக்கமாக!

எதிரே மேஜை மேல் திறந்திருந்த புத்தம்புது லேப்டாப்பின் நெற்றியில், சிவப்பு விளக்கு ஒன்று சிமிட்டிக்கொண்டிருந்தது.

இறந்தவன் கம்ப்யூட்டர் விமர்சகன். எந்த மெஷின் வந்தாலும் பிரித்து மேய்ந்துவிடுவான். எது உதவும், எது வெறும் பந்தா என்று அவன் வீடியோவில் சொன்ன பிறகுதான் பலர் கடைக்கே போவார்கள். அதனால் ரசிகர்கள் அதிகம்.

விரோதிகள் அதைவிட அதிகம்!

இன்ஸ்பெக்டர் வந்தாள். உடலை ஆம்புலன்ஸ் எடுத்துப் போனது. டாக்டரின் தம்பி அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு விசும்பினான். காலையிலிருந்து இந்தப் பக்கமே வரவில்லை, அக்கா போன் செய்த பிறகுதான் ஓடி வந்தேன் என்றான்.

ஆனால் வேறொருவர் வந்திருந்தார். லேப்டாப் கம்பெனியின் மார்க்கெட்டிங் மேனேஜர். அவர் கார் வாசலில் நின்றதை எதிர்வீட்டுக்காரர் பார்த்திருந்தார்.

மேனேஜரை வரவழைத்து சமையலறையில் வைத்து விசாரித்தாள் இன்ஸ்பெக்டர். அவர் எதையும் மறைக்கவில்லை. இன்னும் வெளியிடாத வீடியோவில், அந்த லேப்டாப்பின் பேட்டரியையும், தண்ணீர் கொட்டினாலும் வடிந்துவிடும் கீபோர்டையும் விமர்சகன் மனதாரப் புகழ்ந்திருந்தான். ஊரெல்லாம் தட்டி வைத்து 'காவல் கண்' என்று விளம்பரம் செய்த அந்தச் சிவப்பு விளக்கை மட்டும் கிழி கிழியென்று கிழித்திருந்தான். அந்தப் பகுதியை வெட்டச் சொல்லி மேனேஜர் கெஞ்சினார். முடியாது என்றான். சத்தம் போட்டுவிட்டுக் கிளம்பினார். அப்போது அவன் உயிரோடுதான் இருந்தான்.

"பக்கத்துல யார் வந்தாலும் காவல் கண் முகத்தைப் பதிவு பண்ணிடும்னு உங்க விளம்பரம் சொல்லுதே. அதைப் போட்டுக் காட்டுங்க. நீங்க தப்பு பண்ணலைன்னா இப்பவே வீட்டுக்குப் போகலாம்."

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார்.

"அது... எதையும் பதிவு பண்ணாது மேடம். வெறும் பல்பு."

இதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்றாள் இன்ஸ்பெக்டர்.

ஹாலுக்கு வந்து அறிவித்தாள். காவல் கண்ணில் கொலைகாரன் முகம் பதிவாகியிருக்கிறது... கம்பெனி இன்ஜினீயர் வந்து திறந்து காட்டுவார்... அதுவரை யாரும் அந்த அறைக்குள் போகக்கூடாது. காவலுக்கு நின்ற கான்ஸ்டபிளையும் கூட்டிக்கொண்டு வெளியே போனாள்.

வீடு அடங்கியது. டாக்டர் சோபாவில் கண்களை மூடிக்கொண்டாள்.

அறைக்கதவு ஓசையில்லாமல் திறந்தது...

ஒரு கை மேஜையோரம் இருந்த தண்ணீர் ஜக்கை எடுத்து லேப்டாப் மேல் கவிழ்த்தது.

கீபோர்டில் இறங்கிய தண்ணீர், அடிவழியாக வடிந்து மேஜையில் ஓடியது. சிவப்பு விளக்கு அணையவே இல்லை!

லேப்டாப்பைத் தலைக்கு மேல் தூக்கினான். தரையில் அடிப்பதற்குள் அவன் மணிக்கட்டை ஒரு கை இறுக்கியது. பின்வாசல் வழியாக வந்து பதுங்கியிருந்த இன்ஸ்பெக்டரின் கை.

மாட்டிக்கொண்டவன்... தம்பி!

"விடுங்க மேடம்... அதுல என் மூஞ்சி இருக்கு."

வாசற்படியில் அக்கா நின்றிருந்தாள்.

"என்னடா பண்ணே?"

அவன் உடைந்தான். கம்பெனியின் டீலர்ஷிப் அவனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அந்த வீடியோ வெளியானால் எல்லாம் போச்சு. மேனேஜர் போன பிறகு வந்து காலில் விழாத குறையாகக் கேட்டான்.

"காவல் கண் பொய்னு சொன்னார்க்கா. நான் நம்பல. நீயெல்லாம் கடை போட்டு உருப்பட்டாப்லதான்னு சிரிச்சார். அந்தச் சிரிப்பை நிறுத்தணும்னுதான்... அப்புறம் பயத்துல லேப்டாப்பைக்கூட மறந்து ஓடிட்டேன்."

அறைய ஓங்கிய டாக்டரின் கை அந்தரத்திலேயே நின்றது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சின்ன வயதில் அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி அவன்.

அவன் ஜீப்பில் ஏற்றப்பட்டான்.

மேனேஜர் தயங்கித் தயங்கி வந்தார். அந்த பல்பு விஷயம் மட்டும் பத்திரிகைக்காரர்கள் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள முடியுமா என்று இழுத்தார். கஸ்டமர்களின் நம்பிக்கை போய்விடுமாம்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

"எந்த நம்பிக்கை சார்? நம்பினது ஒரே ஒரு கஸ்டமர். அவனும் இப்போ உள்ள போறான்!"