பஞ்சுவின் பங்கு அரிசி

பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் கட்டிடத்து மாடிப்படியில் அந்தப் படத்தை ஏற்றியபோது நானும் ஒரு கை பிடித்தேன். ஆகவே பாதிப் பாவம் எனக்கும் உண்டு.

எதிர்வீட்டு மகாதேவன் அதைச் சோர் பஜார் பழைய சாமான் கடையில் வாங்கியது மரச்சட்டத்துக்காக. உள்ளே ராமர் பட்டாபிஷேகம் வைக்க உத்தேசம். ஆனால் படம் வரைந்த துணி சட்டத்தை விட்டு வரவில்லை. படத்தில் நெப்போலியன் காலத்து வெள்ளைக்காரச் சிப்பாய். சிவப்புக் கோட்டு, உருவிய வாள், பின்னால் புயல் மேகம். இருந்துவிட்டுப் போகட்டும் என்று கூடத்தில் மாட்டினான்.

யுத்த காலம், நாற்பத்து மூன்றில் ரேஷன் வந்தது. அரிசி சொற்பம், மீதி கோதுமை. பாலக்காட்டு வயிறு கோதுமையை ஏற்குமா? வீட்டில் அவன், பெண்டாட்டி அபயாம்பாள், குழந்தை விஜி. கார்டில் நாலாவதாக ஒரு பெயர் எழுதினான்: பஞ்சு, ஒன்றுவிட்ட தம்பி. யாரடா அது என்றேன். சுவரைக் காட்டினான்.

தலை எண்ண இன்ஸ்பெக்டர் வந்தார். பஞ்சு எங்கே என்றார். குளிக்கிறான் என்றான் மகாதேவன், கூசாமல்.

உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

இன்ஸ்பெக்டர் திருப்தியாகப் போனார். நாங்கள் குளியலறைக் கதவைத் திறந்தோம். ஆள் இல்லை. கொடியில் ஒரு துண்டு சொட்டிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து அபயாம்பாள் நாலாவது தட்டும் வைத்தாள். வைத்த அன்று தட்டு காலி. வைக்காத அன்று பானையே காலி.

"நீங்கதானே பேரை எழுதினேள்? அவர் பங்கை அவர் சாப்பிடறார்" என்றாளாம். அந்த 'அவரை'க் கேட்டதும் மகாதேவனுக்கு வயிறு எரிந்தது. மறுநாளே என்னையும் இழுத்துக்கொண்டு ரேஷன் ஆபீசுக்குப் போய், ஒரு பெயரை அடிக்கச் சொன்னான். குமாஸ்தா அடித்தார், முத்திரை குத்தினார். இவன் பார்க்காமல் கார்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டான்.

வீட்டுக் கதவைத் தட்டினான். அபயாம்பாள் தலையில் புதுப் பூவுடன் திறந்தாள்.

"யார் வேணும்?"

அவன் கார்டை நீட்டினான். அவள் நிதானமாகப் படித்தாள். சிவப்புக் கோடு மகாதேவன் பெயர்மேல் இருந்தது.

"அபயம், நான்டீ."

உள்ளேயிருந்து விஜியின் குரல் வந்தது. "அம்மா, அப்பாவுக்கு மோர் விடு."

"இங்கே மூணு பேருக்குத்தான் சார் அரிசி" என்று அபயாம்பாள் கதவைச் சாத்தினாள்.

சாத்தும் இடுக்கில் படத்தைப் பார்த்தேன். சிப்பாய் இல்லை. தூரத்தில், மேகத்துக்கு அடியில், துணிப்பையோடு ஒருவன் ஓடிக்கொண்டிருந்தான்.

திரும்பினேன்.

பக்கத்தில் மகாதேவனின் செருப்பு மட்டும் இருந்தது.

போலீசுக்குப் போகவில்லையா என்பீர்கள். போனேன். கார்டில் பெயர் இல்லாத ஆளை எங்கே தேடுவது என்றார்கள். நியாயம்தானே.

மறுவருஷம் அந்த வீட்டில் ஆண் குழந்தை. பார்க்கப் போனேன். நல்ல நிறம், கண் இரண்டும் நீலம். யார் ஜாடை மாமா என்று அபயாம்பாள் கேட்டாள். உன் ஜாடைதானம்மா என்று சொல்லிவிட்டு எழுந்தேன். எதிர்வீட்டில் குடியிருப்பவன் வேறென்ன சொல்வான்?

என் பின்னாலேயே பூட்ஸ் சத்தம் வாசல்வரை வந்து வழியனுப்பியது. கதவையும் அதுதான் சாத்தியது.