செத்தவன் தட்டிய பாஸ்வேர்ட்

டிரிங்... டிரிங்...

ஞாயிற்றுக்கிழமை மதியம். அவள் ஈரக் கையோடு போனை எடுத்தாள்.

"அம்மா... ஃபேக்டரி வாட்ச்மேன் பேசறேன்."

"சொல்லுங்கண்ணே."

"உங்க தம்பி... குடோன்ல ஏணியிலேர்ந்து விழுந்து..."

"எந்த ஆஸ்பத்திரி?"



"ஆஸ்பத்திரி வேண்டாம்மா..."

போன் தரையில் விழுந்தது!

* * *

மாலை நாலு மணி.

தம்பியை எடுத்துப் போயிருந்தார்கள். குடோனில் ஏணி மட்டும் சாய்ந்து கிடந்தது. அதன் பக்கத்தில் ஒற்றைச் செருப்பு.

அந்த மருந்து ஃபேக்டரியில் அக்காவும் தம்பியும் ஒரே வேலை. நெட்வொர்க். மெயின் கட்டிடம் அவளுக்கு. குடோன் அவனுக்கு.

இரண்டுக்கும் மேலதிகாரி அவள் கணவன். காலையில் முடி வெட்டக் கிளம்பிப் போனவன், செய்தி கேட்டு ஓடி வந்திருந்தான். அவள் தோளை அணைத்தபடியே நின்றான்.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார்.

"கேக்கறதுக்கு மன்னிக்கணும்மா. குடோன் கேமரா ஒண்ணும் பதினோரு மணிக்கு மேல பதிவாகலை. ஏன்?"

"பதிவெல்லாம் மெயின் கட்டிடத்துல சேரும் சார். நடுவுல இணைப்பு அறுந்திருக்கு."

"லீவு நாள். கேமராவுக்குக் கண்ணு தெரியலை. உங்க தம்பி குடோனுக்குள்ள... என் தொழில்ல இதுக்குப் பேரு திருட்டு. திருட வந்த இடத்துல கால் தவறிட்டார்."

"என் தம்பி திருடன் இல்ல சார்!"

"அப்போ இணைப்பு எப்படிப் போச்சுன்னு காட்டுங்க."

கணவன் குறுக்கிட்டான்.

"சார், இந்த நிலைமையில இவளா? நாளைக்கு வேற ஆளை வெச்சுப் பார்க்கலாம். நீ வாம்மா, வீட்டுக்குப் போலாம்."

"நான்தாங்க பார்ப்பேன்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தாள்.

சுவரோரம் இரும்புப் பெட்டி. அதற்குள், கேமரா ஒயர்கள் எல்லாம் வந்து சேரும் ஸ்விட்ச். அதிலிருந்து மெயின் கட்டிடத்துக்கு இரண்டு கேபிள்கள். ஒவ்வொன்றிலும் தம்பியின் கோணல் கையெழுத்தில் ஒரு சீட்டு.

'அக்கா பக்கம் - 1.' 'அக்கா பக்கம் - 2.'

எழுத்து கலங்கித் தெரிந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"எதுக்கு ரெண்டு கேபிள்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ரெண்டையும் கட்டாச் சேர்த்து ஒரே பாதையா ஓட்டறோம் சார். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு காப்பாத்தும்."

"ரெண்டும் போச்சா?"

"இல்லையே... ரெண்டு விளக்கும் பச்சையாத்தான் எரியுது. கேபிள்ல கோளாறே இல்ல!"

கழற்றி மாட்டினாள். மாற்றி மாட்டினாள். கட்டு சேரவில்லை.

பத்து நிமிடம் திரையையே பார்த்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"சார்... கட்டு சேரணும்னா ஒரு முனையாவது முதல்ல பேசணும். மெயின் கட்டிடத்து முனை எப்பவும் காத்திருக்கும். தம்பியோட இந்த முனைதான் பேச்சைத் தொடங்கும். இப்போ இதையும் காத்திருன்னு மாத்தியிருக்காங்க."

"ரெண்டு பேரும் நீ முதல்ல பேசுன்னு உட்கார்ந்திருக்காங்களா? எங்க வீட்டுல மூணு நாளா இதே நிலைமைதான்! மாத்தினது யாரு?"

அவள் திரையில் ஒரு வரி மேல் விரலை வைத்தாள்.

"என் தம்பியோட பாஸ்வேர்ட்ல... பதினொண்ணு இருபதுக்கு."

"பார்த்தீங்களா!"

கணவன் பெருமூச்சு விட்டான்.

"விட்டுடும்மா. போனவன் போயிட்டான். கிளறாதே."

அப்போது இன்ஸ்பெக்டரின் செல் அலறியது.

"சொல்லுங்க டாக்டர்... என்னது? பத்து மணிக்கேவா? நிச்சயமா?"

செல்லை மெல்ல இறக்கினார்.

"பத்து மணிக்குச் செத்தவன்... பதினொண்ணு இருபதுக்கு எப்படிம்மா பாஸ்வேர்ட் தட்டுவான்?"



"வேற எங்கேயோ கொன்னு, கேமராவைக் குருடாக்கிட்டு, இங்கே கொண்டு வந்து போட்டிருக்காங்க. அந்த பாஸ்வேர்ட் யாருக்கெல்லாம் தெரியும்?"



"நேத்து ராத்திரி எங்க வீட்டுல சாப்பிடறப்போதான் சார் புதுசா மாத்தினான். 'அக்கா கோபக்காரி'ன்னு வெச்சிருக்கேன்னு சத்தமாச் சொல்லி என்னைக் கேலி பண்ணினான். அடிக்கக் கை ஓங்கினேன்..."

"சாப்பாட்டு மேஜையில யார் யாரு?"

"அவன்... நான்..."

தோளில் இருந்த கை சட்டென்று விலகியது.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"என்னங்க... முடி வெட்டவே இல்லையே நீங்க?"

கணவன் இரண்டடி பின்வாங்கினான். பிறகு விரல் நீண்டது. அவளை நோக்கி!

"சார்! அந்த பாஸ்வேர்ட் இவளுக்கும் தெரியும்! இந்த வேலையும் இவளுக்கு அத்துப்படி! இவளைப் பிடிச்சு விசாரிங்க!"

பன்னிரண்டு வருடம் பக்கத்தில் படுத்தவன்.

அவள் அழவில்லை. குனிந்தாள். 'முதலில் பேசு' என்று அமைப்பை மாற்றி, ஒரு விசையைத் தட்டினாள்.

கட்டு சேர்ந்தது!

"சார், குடோன் வாசல்ல இருக்கிற கேமரா முந்தாநாள் என் தம்பி மாட்டினது. என்கிட்ட மட்டும்தான் சொன்னான். இணைப்பு அறுந்தா, அது தனக்குள்ளயே பிடிச்சு வெச்சுக்கும். இணைப்பு வந்ததும் அனுப்பிடும்."

திரையில் படம் ஓடியது.

டிராலி. தார்ப்பாய். வெளியே தொங்கும் கால் ஒன்றில் செருப்பில்லை.

தள்ளி வருவது... அவள் கணவன்!

"ஏங்க?" என்றாள். அவ்வளவுதான் வந்தது.

"குழந்தைங்களுக்கான மருந்து ஒண்ணு சோதனையில தோத்துச்சு. தேறினதா நான் கம்ப்யூட்டர்ல மாத்தி எழுதினேன். கண்டுபிடிச்சுட்டான். கேக்கணும்னு காலையில என் ஆபீஸ் ரூமுக்கு வந்தான். 'அத்தான், அக்காகிட்ட சொல்லிடுவேன்'னான். தள்ளினேன்... மேஜை முனை மண்டையில..."

"போலீஸ்கிட்ட சொல்லிடுவேன்னு சொல்லலையா?"

"இல்ல. உன்கிட்டன்னுதான் சொன்னான்."

அவள் ஏணிப் பக்கம் போய், அந்த ஒற்றைச் செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அழுகை வந்தது.

கான்ஸ்டபிள் விலங்கு மாட்டினார்.

"சார்... போறதுக்கு முன்னாடி அவகிட்ட தனியா ஒரு நிமிஷம் பேசணும்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைத் தலையில் வைத்தார்.

"தாராளமா! கோர்ட்டுல ரெண்டு பேருக்கும் எதிரெதிர் கூண்டுதான்... என்ன, நடுவுல ஜட்ஜும் உட்கார்ந்து கேட்பார்!"