முகம் மட்டும் தெரியவில்லை

நனைந்த மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல், நர்சம்மா அந்தத் தடித்த மலரை மேசைமேல் வைத்தாள். பெயர்போன சொற்பொழிவாளர் ஒருவர் தாமே குழு அமைத்து, தாமே மெய்ப்புத் திருத்தி, தமக்கே வெளியிட்டுக்கொண்ட பாராட்டு மலர். முதல் பக்கத்திலேயே, கல்லூரி நாளில் ஊர்க்கார நண்பன் அவருக்கு எழுதிய கடிதம் கையெழுத்தோடு அச்சாகியிருந்தது.

"எழுதினது என் தம்பி. இப்ப உயிரோட இல்லை. ஒண்ணே ஒண்ணு தெரியணும் சார். அம்மா சாகக் கிடக்குறாங்கன்னு தெரிஞ்சேதான் அவன் வராம இருந்தானா?"

துப்பறிவாளர் அவளை உட்காரச் சொன்னார். அவருடைய மச்சான் பூதக்கண்ணாடியைத் துடைத்துத் தயாரானான். அவனது விசிட்டிங் கார்டில் 'இணை இயக்குநர்' என்றிருக்கும். இயக்கப்படுவதற்கு அந்த அலுவலகத்தில் வேறு ஆள் கிடையாது.

ஊரிலிருந்து பட்டணத்துக்குப் படிக்கப் போனவர்கள் தம்பியும் சொற்பொழிவாளரும் மட்டுமே, வேறு வேறு கல்லூரி. ஒருவன் ஊருக்கு வந்தால் மற்றவனுக்குச் சேரவேண்டிய சேதி, சாமான் எல்லாம் அவன் கையில்தான் போகும். விடுமுறைக்கு வந்து திரும்பிய சொற்பொழிவாளரிடம் நர்சம்மாவும் ஒரு பொட்டலம் கொடுத்திருந்தாள்: பழுதுபார்த்து வாங்கிய தம்பியின் மூக்குக்கண்ணாடி, கூடவே 'அம்மாவுக்கு முடியலை, உடனே வா' என்ற சீட்டு. வாயாலும் சொல்லியனுப்பினாள்.

"கண்ணாடி இல்லாமப் படிப்பான், எழுதுவான். ஆனா தெருவுக்கு எதிர்ப்பக்கம் நான் நின்னாக்கூட யாரோன்னு போவான்," என்றவள் குரல் இறங்கியது. "அடக்கம் முடிஞ்சப்புறம், தந்தி பாத்துட்டு வந்து நின்னான். 'உன் கூட்டாளிகிட்ட அப்பவே சொல்லியனுப்பினேனேடா'ன்னேன். வாயே திறக்கலை. கதவைச் சாத்திட்டேன். அந்த வருஷமே காய்ச்சல்ல போயிட்டான்."

மச்சான் கடிதத்தை உரக்கப் படித்தான்: "'நேற்றுப் போட்டியில் கடைசி வரிசையிலிருந்து கேட்டேன். உன் குரல் இடி. உன் முகம் மட்டும் தெரியவில்லை. ஆறு பற்றிய பகுதியை ஏன் விட்டுவிட்டாய்? போகட்டும், பரிசு உனக்குத்தானே.'"

தேதியை நர்சம்மா விரலால் தொட்டாள். "அன்னைக்குத்தான் அம்மா போனாங்க."

"பொறாமை, அத்தான்!" என்றான் மச்சான். "முகத்தைப் பாக்கவே பிடிக்கலைன்னு நாசூக்கா எழுதியிருக்கான்."

"உன் மூளையைக் கொஞ்சம் மடிச்சு வை, மச்சான். அவரையே கேப்போம்."

சொற்பொழிவாளரின் வரவேற்பறையில், அவருடைய படங்கள் போகச் சுவருக்கும் கொஞ்சம் இடம் மிஞ்சியிருந்தது. நர்சம்மாவை அடையாளம் தெரிந்ததும் அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"திரும்பின அன்னைக்கே பொட்டலத்தைக் கையில கொடுத்துட்டேன். சீட்டைப் படிச்சவன், 'உன் போட்டி முடியட்டும்'னான். என் பேச்சுன்னா அவனுக்கு அப்படி ஒரு உயிர்!"

"மேடையில வெளிச்சம் கம்மியோ?" என்றார் துப்பறிவாளர்.

"கம்மியா? பட்டப்பகல்! அதான் கண்ணு கூசி முகம் தெரியலைன்னு எழுதியிருக்கான். என்ன ஒரு கவித்துவம்!"

"கூசலைங்க. அவ்வளவு வெளிச்சத்துலயும் முகம் தெரியலைன்னா, அவர் மூக்குமேல கண்ணாடி இல்லை. கண்ணாடி போய்ச் சேரலைன்னா சீட்டும் சேரலை. ரெண்டும் ஒரே பொட்டலம்."

"நான் எதுக்கு அதை மறைக்கணும்?"

"நீங்க பேசாம விட்ட பகுதி, கேட்டுக்கிட்டிருந்தவருக்கு எப்படித் தெரிஞ்சது? அந்தப் பேச்சை எழுதிக் கொடுத்தவருக்குத்தான் தெரியும். சீட்டைக் கொடுத்திருந்தா அன்னைக்கே ஊருக்குக் கிளம்பியிருப்பார். அவர் எழுதிக்கிட்டிருந்த உங்க பேச்சு பாதியில நின்னிருக்கும்."

மச்சானுக்குப் பொறுக்கவில்லை. "அப்ப இந்தக் கடிதத்தை இவரே ஏன் அச்சடிச்சாரு, அத்தான்?"

"'இடி'ங்கிற வார்த்தையைத் தாண்டி அவர் கண்ணுக்கு எதுவும் தெரியலை, மச்சான்."

சொற்பொழிவாளர் உட்கார்ந்தார். அலங்காரமே இல்லாத வாக்கியம் ஒன்று அவர் வாயிலிருந்து வந்தது. "போட்டி முடிஞ்சதும் குடுத்துடலாம்னு இருந்தேன்க்கா. அதுக்குள்ள தந்தி வந்துடுச்சு."

கோப்பைகள் அடுக்கியிருந்த அலமாரியின் அடித்தட்டைத் துழாவி, ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தார். தூக்கிப் போடவும் துணிவில்லை போலும். நர்சம்மா போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

"வாசல்ல நின்னப்போ அவனுக்கு விளங்கியிருக்கும்," என்றாள் அவள். "உன்னைக் காட்டிக்கொடுக்கலை. நானும் பேச விடலை."

முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள். கைக்குட்டையால் மூக்குக்கண்ணாடியின் இரண்டு வில்லைகளையும் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறுபடியும் துடைத்தாள். மச்சான் பூதக்கண்ணாடியைச் சத்தமில்லாமல் சட்டைப்பைக்குள் நழுவவிட்டான்.

"அந்த ஆத்தைப் பத்தி என்னதான்ப்பா எழுதியிருந்தான்? நம்ம ஊர் ஆறா?"

சொற்பொழிவாளர் வாயைத் திறந்தார். திறந்தபடியே இருந்தார். அவருக்கு நினைவில்லை.