மன்னரின் குங்குமப்பூ நிறக் காலணி

பாரசீகப் பேரரசு தோற்றுப்போன செய்தி முந்தின நாளே மலையேறி வந்துவிட்டது. பேரரசர் மறுநாள் காலையில்தான் வந்தார்.

கூரைமேல் சர்க்கரைப் பாதாமிப் பழம் காயவைத்துக்கொண்டிருந்த சிறுமி பார்மிஸ் அவரை முதலில் பார்த்தாள். நொண்டிக்கொண்டே ஒரு குதிரை. அதைப் பிடித்தபடி ஓர் ஆள். பக்கத்தில் நடந்து வந்தவரின் அங்கி புழுதியில் என்ன நிறமென்றே தெரியவில்லை. ஆனால் கால்களில் குங்குமப்பூ நிறக் காலணி. அந்த நிறத்தை நாட்டிலேயே ஒருவர்தான் அணியலாம். பத்து வயதுப் பார்மிஸுக்கும் அது தெரியும்.

"அப்பா, ராஜா வர்றாரு," என்றபடி ஏணியில் சரசரவென்று இறங்கினாள்.

அப்பா உத்தானா கையைப் பிசைந்தார். "ராஜா முன்னாடி வெறுங்கையோட நிக்கக் கூடாதே. வீட்ல என்ன இருக்கு?"

"பார்லி ரொட்டிதான்."

வாசல் கல்லில் உட்கார்ந்திருந்த மன்னர் ரொட்டியைப் பார்த்தார். அவர் தொண்டை ஏறி இறங்கியது. ஆனால் கை நீளவில்லை.

"எடுத்துட்டுப் போம்மா. பதிலுக்கு ஒண்ணும் குடுக்காம எங்க வம்சத்துல யாரும் எதையும் வாங்கினதில்ல. இப்ப என்கிட்ட ஒரு மோதிரம்கூட இல்ல."

குதிரையைப் பிடித்திருந்த பகாதாத் பார்மிஸிடம் முணுமுணுத்தார். "ரெண்டு நாளா இதே கதைதான். அந்தச் செருப்பையாவது கழட்டிப் போடுங்கன்னா, பயந்துபோயி அதைத் தூக்கி எறியுற ஆள் நான் இல்லன்னு சொல்றாரு. பின்னாடி வர்ற எதிரிங்களுக்கு இவர் முகம் தெரியாது. செருப்பைத்தான் தேடுறானுங்க."

பார்மிஸ் காலணியையும் மன்னரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ராஜா, நான் ஒண்ணு கேட்டா குடுப்பீங்களா?"

"இருந்தா குடுப்பேன்."

"உங்க செருப்பு வேணும்."

உத்தானா பதறி முன்னால் வந்தார். "மன்னிச்சிடுங்க ராஜா, இது கொஞ்சம் வாயாடி."

"உன் ரெண்டு காலும் இதுல ஒண்ணுக்குள்ளயே போயிடுமே?" என்றார் மன்னர்.

"நான் வளர்ந்துட்டே இருக்கேன்ல. சும்மா ஒண்ணும் கேக்கல. ரொட்டியும் தர்றேன், அப்பா செருப்பும் தர்றேன். ரெண்டுக்கும் சேர்த்து அது போதும்."

"என் செருப்பா?" என்றார் அப்பா.

"வெறுங்கையோட நிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

மன்னர் தன் காலணியைக் குனிந்து பார்த்தார். அவள் எதற்காகக் கேட்கிறாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"நான் பயந்து கழட்டல," என்றார் மெதுவாக.

"இல்ல ராஜா. நான் கேட்டேன், நீங்க குடுக்குறீங்க."

வாரை அவிழ்க்கப் பகாதாத் ஓடிவந்தார். மன்னர் அவரைத் தடுத்தார். "இருப்பா. பரிசை நான்தான் என் கையால குடுக்கணும்."

இரண்டு கையாலும் காலணியைக் கொடுத்தார். பிறகு ரொட்டியைப் பிட்டுப் பகாதாதுக்குப் பாதி நீட்டினார். தன் பாதியைத் தின்று முடித்ததும், "இன்னொண்ணு இருக்குமா?" என்று கூச்சமில்லாமல் கேட்டார்.

அவர்கள் கிளம்பியதும் பார்மிஸ் காலணியைப் பார்லிக் குதிருக்குள் புதைத்துவிட்டுக் கூரைக்கு ஏறினாள். கீழே புழுதி கிளம்பியது. இருபது குதிரை வீரர்கள் வீட்டைத் தாண்டி விரைந்து, வளைவில் அந்த இருவரையும் எட்டிப் பிடித்தார்கள். பார்மிஸ் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

தலைவன் குனிந்து மன்னரின் கால்களைப் பார்த்தான். விரல் பக்கம் கிழிந்த தோல் செருப்பு.

வழிவிடச் சொல்லிக் கையை வீசினான். மன்னர் ஓரமாக ஒதுங்கினார். குதிரைகள் பாய்ந்து சென்று அடுத்த மலைக்குப் பின்னால் மறைந்தன.

மன்னர் அங்கியைத் தட்டிவிட்டுக்கொண்டார். நொண்டிக் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொடுத்து, ஆடுகள் போகும் ஒற்றையடிப் பாதையில் திரும்பி ஏறத் தொடங்கினார். செருப்பு அவருக்குக் கொஞ்சம் பெரிதுதான்; ஆனாலும் அவர் ஒரு முறைகூடத் தடுமாறவில்லை.