சமையலறையிலிருந்து ஒரு ‘ம்’

செருப்பைக் கழற்றிக்கொண்டே வழக்கம்போல, “நான் வந்துட்டேன்” என்று சமையலறைப் பக்கம் பார்த்துச் சொன்னான். உள்ளேயிருந்து “ம்” என்று பதில் வந்தது.

வீட்டில் யாருமில்லை. மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது சாவியைக்கூட மேசைமேல் வைத்துவிட்டுத்தான் போனாள். பூட்டைத் திறந்ததே அவன்தான். ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்று காதைத் தீட்டிக்கொண்டான். குழாய் சொட்டுகிற சத்தம், குளிர்சாதனப் பெட்டியின் முனகல், மாடிவீட்டில் நாற்காலி இழுபடும் ஓசை, இத்தனைக்கும் அடியில், அடுப்படியில் கைவேலையாக இருக்கிற ஒருத்தி விடுகிற மெல்லிய மூச்சு. ஓடிப்போய் விளக்கைப் போட்டான். காலையில் கழுவாமல் விட்ட பாத்திரங்கள் போட்டது போட்டபடி கிடந்தன.

அந்தப் பழக்கம் அப்பா வைத்துவிட்டுப் போன சொத்து. அம்மா வீட்டைவிட்டுப் போனபோது அவனுக்கு நாலு வயது. ஊர் வாயை மூடுவதற்காக, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, அப்பா தினமும் வாசலில் நின்று, “நாங்க வந்துட்டோம்” என்று வெறும் வீட்டிடம் சொல்வார். மானம் மரியாதையெல்லாம் நாலு வயதுப் பயலுக்கு என்ன தெரியும்? அவன் பதிலுக்காக நின்றான். அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் நின்றான். கல்யாணமாகி, உள்ளேயிருந்து நிஜமாகவே ஒருத்தி பதில் சொன்ன பிறகும், இன்னொரு பதிலுக்காகக் கொஞ்சம் கூடுதலாக நின்றான். மனைவி அதைக் கவனித்திருந்தாள்.

அவள் கடைக்குப் போகப் பையை எடுத்தாலே, “எப்ப வருவே?” என்று பத்து தடவை கேட்பான். ஒருநாள் அவள் செருப்பையே ஒளித்துவைத்தான். வேலைக்கு நேரமாகி வீடெல்லாம் தேடியவள், பீரோவுக்குப் பின்னால் அதைக் கண்டெடுத்தபோது சண்டைகூடப் போடவில்லை.

“நான் எங்கயும் போகல. நீதான் என்னைப் போனவளாவே வச்சுப் பாக்கறே,” என்றாள். அதற்கப்புறம்தான் போனாள். சனிக்கிழமை சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தாள். “மனசு விட்டு ஒரு வார்த்தை பேசு. இருந்துடறேன்.” அவனுக்கு இனி வாழ்க்கையில் வேண்டியது அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடுவதுதான்.

மறுநாள் “ம்” வந்தது. கூடவே, “சாப்ட்டியா?”

வேறு யாராக இருந்தாலும் தெருவுக்கு ஓடியிருப்பார்கள். அவன், “இல்லம்மா” என்றான்.

அதற்கடுத்த நாள் அது கேட்ட கேள்வியில் அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. “உன்னை எப்படிக் கூப்பிடுவேன்?”

அவனுக்கு ஞாபகமில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னான். “குட்டி.”

“குட்டி,” என்றது இருட்டு, உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

பிறகு தினமும் ஒன்று கேட்டது. கையில் என்ன போட்டிருந்தேன்? வளையல் என்றான், இரவு வளையல் குலுங்கியது. கால் எப்படி இருக்கும்? குதிகால் வெடித்திருக்கும் என்றான்; விடியும்வரை வறண்ட தோல் தரையில் உரசியது. தான் சொல்லித்தான் அது ஆகிறது என்று அவனுக்கு நன்றாகவே தெரிந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னான், கேட்க ஒருத்தி இருந்தாள்.

“முகம்?”

மூக்குக் கண்ணாடிக் கடையில் அவனுக்கு வேலை. நாளெல்லாம் முன்பின் தெரியாதவர்களின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, கண்ணுக்கும் கண்ணுக்கும் உள்ள இடைவெளியை அளப்பான். ஊரார் முகமெல்லாம் மனப்பாடம். இந்த ஒரு முகம் மட்டும் இல்லை. போட்டோக்களை அப்பா கொளுத்திவிட்டார்.

“தெரியலம்மா. நீ போறப்ப, ஈரத் தலையோட முதுகைத்தான் பாத்தேன்.”

“அது போதும்,” என்றது.

சனிக்கிழமை வந்தது. பாத்திரம் கழுவினான். எல்லா விளக்கையும் போட்டான். சொல்லவேண்டியதைத் தனக்குள் சொல்லிப் பார்த்தான்: பயமா இருக்கு, போகாதே. பொழுது சாயும் நேரத்தில் மாடிப்படியில் மனைவியின் நடை கேட்டது. அழைப்பு மணி அடித்தது.

சமையலறை விளக்கு அணைந்தது.

அவன் கதவை நோக்கிப் பாய்ந்தான்.

“குட்டி.”

கால் அங்கேயே நின்றுவிட்டது. ஈரக் கூந்தலின் வாடை கூடத்தை நிறைத்தது.

“உள்ளதான் இருக்கேன்னு தெரியும்,” என்றாள் மனைவி வெளியிலிருந்து. “திறக்கக்கூட வேண்டாம். ஒரு வார்த்தை பேசு.”

“போறவ போகட்டும்,” என்றது உள்ளே. “நான்தான் வந்துட்டேனே.”

வாயைத் திறந்தான். பயமா இருக்கு. அவ்வளவுதான். அதைச் சொன்னால் போதும்.

சொல்லவில்லை.

வெளியே அவள் மூக்கை உறிஞ்சினாள். படியிறங்கினாள். தெருக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

வளையல் குலுங்கியது. அவன் திரும்பிப் பார்த்தான்.

சமையலறை வாசலில் முதுகு. நாலு வயதுப் பிள்ளை அண்ணாந்து பார்த்த உயரம். தலை நிலையின் மேல்சட்டத்தில் இடித்து மடங்கியிருந்தது. முழங்கால்வரை ஈரக் கூந்தல்.

“அம்மா. இந்தப் பக்கம் திரும்பு.”

திரும்பியது. மெதுவாக. முழுதாக.

அந்தப் பக்கமும் முதுகுதான்.

வெடித்த குதிகால்கள் அவனைப் பார்த்தபடி நடக்கத் தொடங்கின. அவனை விட்டுப் போகிற நடை. ஒவ்வோர் அடியும் போகிற அடி. போகப் போக, அது அவன் பக்கத்தில் வந்துகொண்டே இருந்தது.