நாலு வரியில் செத்த கேப்டன்

“செத்தவன் எப்படிங்க போன் பண்ணுவான்?”

“அதைத்தான் நானும் கேக்கறேன், ஆசிரியரே! என்னை எதுக்குச் சாகடிச்சீங்க?”

“யா... யார் பேசறது?”

“கேப்டன்! சாயங்காலம் கோப்பை வாங்க வர்றேன்.”

டொக்!

போனில் பேசிய குச்சியின் கையிலிருந்த மூக்குக்கண்ணாடி நழுவித் தரையில் விழுந்தது. அது கஸ்டமருடையது!

குச்சிக்குப் பகலில் அக்காவின் கண்ணாடிக் கடையில் வேலை. மற்ற நேரத்தில் அவன் படித்த ஆண்கள் பள்ளியின் ‘பழைய மாணவர் மலர்’ ஆசிரியர்.

“என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?” என்றாள் அக்கா.

“அக்கா... கேப்டன் போன் பண்ணான்.”

“எந்தக் கேப்டன்? நீயா கட்டிவிட்டியே, அவனா?”

அவனேதான்!

ஆறு வருடங்களுக்கு முன், ‘நம்ம பசங்க இப்ப எங்கே?’ பக்கத்தில் நாலு வரி காலியாகக் கிடந்தது. குச்சி ஒரு மாணவனையே உற்பத்தி செய்தான். கப்பலில் வேலை என்று எழுதினான். இதழுக்கு இதழ் பதவி உயர்வு கொடுத்தான். போன இதழில் புயலில் பத்தொன்பது பேரைக் காப்பாற்றவும் வைத்தான்.

விளைவு?

“அவனும் நானும் ஒரே பெஞ்ச்!” என்று ஏழு பேர் கடிதம் போட்டார்கள்.

“அவனை நான் மைதானத்துல முட்டி போட வெச்சிருக்கேன்யா!” என்றார் பி.டி. மாஸ்டர்.

உச்சகட்டமாக, சிறந்த பழைய மாணவன் ஒரு வருடம் வீட்டில் வைத்துக்கொள்ளும் நூறு வருட வெள்ளிக் கோப்பையைக் கேப்டனுக்கே அறிவித்துவிட்டார் தலைமையாசிரியர்!

குச்சி பதறிப்போய், புது இதழில் கேப்டனைக் கடலில் மூழ்கடித்தான். ஐந்நூறு பிரதிகள் இன்று காலைதான் அச்சகத்திலிருந்து வந்து இறங்கின. இன்னும் கட்டே பிரிக்கவில்லை.

அதற்குள் போன்!

“எவனோ திருடன்டா. கோப்பையைச் சுருட்டப் போறான்” என்றாள் அக்கா. “போய் உண்மையைச் சொல்லு.”

“சொன்னா என் ஆசிரியர் பதவி போயிடும்க்கா!”

“சொல்லலைன்னா கோப்பை போயிடும். எது பெருசு?”

குச்சி செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினான்.

மாலை நாலு மணி. பள்ளியின் மூன்றாவது மாடியில் கோப்பை வழங்கும் விழா. குச்சி ஏறிய லிஃப்ட்டின் கதவு மூடப்போகும் நேரம்... ஒரு கை குறுக்கே நீண்டது.

வெள்ளை யூனிஃபார்ம். வெள்ளைத் தொப்பி.

கேப்டன்!

லிஃப்ட் கிளம்பியது. குச்சி அவன் சட்டையைப் பிடித்தான்.

“யார்யா நீ? கேப்டன்னு ஒருத்தனே கிடையாது. அவன் என் கற்பனை!”

“தெரியும்.”

கடக்...! லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றது.

“ஐயோ... நின்னுடுச்சு!”

“நிக்கல. நான் நிறுத்தினேன்.”

அவன் பாக்கெட்டிலிருந்து எதையோ உருவினான். குச்சி கண்களை இறுக மூடிக்கொண்டான். ஒரு நொடி... இரண்டு நொடி... குத்து விழவில்லை. மெல்ல ஒரு கண்ணைத் திறந்தான்.

ஸ்பேனர்! பிடித்திருந்த விரல்களின் நகமெல்லாம் கிரீஸ்!

“கப்பல் கேப்டனுக்கு எதுக்குய்யா ஸ்பேனர்?”

“நான் லிஃப்ட் மெக்கானிக். உங்க அச்சகத்து லிஃப்ட்டுக்கும் நான்தான். அங்கதான் கேப்டன் சாவுச் செய்தியைப் படிச்சேன். நானும் நம்ம பள்ளிக்கூடத்துலதான் படிச்சேன். பத்தாவது பி செக்‌ஷன், கடைசி பெஞ்ச். ஆறு வருஷமா உங்களுக்கு லெட்டர் போடறேன். மெக்கானிக் ஆனேன்னு போட்டேன். ரெட்டைப் பொண்ணுங்க பொறந்ததுன்னு போட்டேன். சொந்தமா பட்டறை வெச்சேன்னு போட்டேன்...”

குச்சிக்கு நினைவு வந்துவிட்டது! ‘சுவாரஸ்யம் இல்லை’ என்று அவனே கிழித்துப்போட்ட கடிதங்கள்.

“என் நாலு வரியில ஒரு பொய்யன் உக்காந்திருந்தான் சார். அதான் அவன் இடத்துல நான் உக்கார வந்தேன்.”

“கோப்பை வேணுமா உனக்கு?”

“யாருக்கு வேணும்? நாலு வரி போதும். அப்பா பேர் மலர்ல வந்திருக்குன்னு என் பொண்ணுங்க பாக்கணும்.”

ஸ்பேனர் திரும்பியது. லிஃப்ட் ஏறியது. கதவு திறந்தது.

“டேய்... கடைசி பெஞ்ச்!” என்று பாய்ந்து வந்து அணைத்துக்கொண்டார் பி.டி. மாஸ்டர். “மூஞ்சி மறக்குமா?”

குச்சி நேராக மேடையேறி மைக்கைப் பிடித்தான்.

“கேப்டன்னு யாரும் இல்லைங்க. பக்கத்தை நிரப்ப நான்தான் கட்டிவிட்டேன். இந்த ஆசிரியர் பதவி எனக்கு வேண்டாம். ஆனா வந்திருக்கறவர் நம்ம பள்ளிக்கூடத்து ஆளுதான். லிஃப்ட் மெக்கானிக்!”

‘ஒரே பெஞ்ச்’ ஆசாமிகள் ஏழு பேரும் குனிந்து ஷூ லேஸ் கட்டினார்கள்.

எல்லோரும் தலைமையாசிரியரைப் பார்த்தார்கள். கத்தப் போகிறார்...

அவர் பொத்தென்று நாற்காலியில் சரிந்தார்.

“நானும் ஒண்ணு சொல்லிடறேன்ப்பா...”

கோப்பைப் பெட்டியைத் திறந்தார். உள்ளே கோப்பை ஒரு பக்கம், கைப்பிடி ஒரு பக்கம்!

“போன மாசம் தொடைக்கும்போது கீழே போட்டுட்டேன். கடல்லயே கெடக்கறவன், வாங்க வரவே மாட்டான்னுதான் கேப்டனுக்கு அறிவிச்சேன்!”

மெக்கானிக் தொப்பியைக் கழற்றினான். உடைந்த இடத்தைத் தடவிப் பார்த்தான்.

“அரை மணி நேரம் குடுங்க சார். பத்த வெச்சுடலாம்.”

கைதட்டல் கூரையைத் தூக்கியது. “குச்சி, பதவியை விட்டா யாருய்யா ஐந்நூறு இதழ்லயும் சீட்டு ஒட்டறது? உக்காரு!” என்றார் தலைமையாசிரியர்.

இதோ, கேப்டனின் மரணச் செய்தி மீது ஒட்ட, நாலு வரிச் சீட்டை எழுதிக்கொண்டிருக்கிறான் குச்சி. மூன்று வரி முடிந்தது. மெக்கானிக், ரெட்டைப் பெண்கள், பட்டறை.

பி.டி. மாஸ்டர் மட்டும் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துப் புலம்புகிறார். “அதெல்லாம் சரிய்யா. ஆனா அந்தக் கேப்டன் பய நல்லா ஓடுவான்யா!”

நாலாவது வரியில் கோப்பையைப் போடலாமா, லிஃப்டை நிறுத்தியதைப் போடலாமா... நீங்க என்ன சொல்றீங்க?